கடல்நீரின் கலங்கலை எதை வைத்து அளப்பது?

ராமேசுவரம் தீவுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். ஊர்க்காரர்களுக்கு அவை வடகடல், தென்கடல். வரைபடத்தில் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் சேறு கரைத்த மாதிரி கிடக்கும், தென்கடல் தெளிந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் கதை அப்படியே திரும்பிவிடும். படகோட்டிகள் இதை ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். ஆனால் "கலங்கிக் கெடக்கு" என்பதை ஆய்வேட்டில் எழுத முடியாது. எண் வேண்டும்.

அந்த எண்ணுக்காக என்ன கருவி வாங்குவது என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி ஆசிரியர்கள், முனைவர் பட்ட மாணவர்கள், அவ்வப்போது ஒரு இறால் பண்ணைக்காரர். எல்லோர் கையிலும் நான்கைந்து விலைப்பட்டியல்கள் இருக்கும். எல்லாக் கருவியும் "கலங்கலை அளக்கும்" என்றே அதில் போட்டிருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அவை அளப்பது ஒரே பொருளை இல்லை.

## முதலில் ஒளி எங்கே போகிறது என்று பார்ப்போம்

நீருக்குள் நுழையும் ஒளிக்கு இரண்டு கதிதான். ஒன்று, உறிஞ்சப்பட்டு மறைந்துபோகும். இல்லையென்றால் ஏதாவது துகளில் மோதித் திசை மாறும். திசை மாறுவதுதான் சிதறல். எவ்வளவு சிதறுகிறது என்பதோடு, எந்தப் பக்கம் சிதறுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

1972இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் பெட்சோல்டு என்பவர் மூன்று விதமான நீரில் கோணம் கோணமாக இதை அளந்து வெளியிட்டார். பகாமாசின் தெளிந்த ஆழ்கடல், கலிபோர்னியாவின் கரையோரம், சான் டியேகோ துறைமுகம். பச்சை ஒளியில், ஒரு மீட்டருக்கான சிதறல் கெழு (சிதறல் எவ்வளவு பலமாக நடக்கிறது என்று சொல்லும் எண்) பகாமாசில் 0.037, துறைமுகத்தில் 1.824. ஏறக்குறைய ஐம்பது மடங்கு வித்தியாசம். ஆனால் மூன்று நீரிலும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது: சிதறிய ஒளியில் பாதி, வந்த வழியிலிருந்து சில டிகிரி மட்டுமே விலகி முன்னோக்கியே போனது. பின்பக்கம் திரும்பியது கரையோர நீரிலும் துறைமுகத்திலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டுதான். தெளிந்த கடலில் மட்டும் நான்குக்குச் சற்று மேல். அங்கே துகள் குறைவு, நீர் மூலக்கூறுகளின் பங்கு அதிகம். மூலக்கூறுகள் முன்னும் பின்னும் சமமாகச் சிதறடிப்பவை.

(மூலக்கூறுச் சிதறல் என்றதும் சி.வி. ராமன் ஞாபகம் வராமல் இருக்காது. 1921இல் ஐரோப்பாவிலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பும்போது, ஒரு நிக்கோல் பட்டகத்தை (பிரதிபலித்த ஒளியைத் தடுக்க உதவும் படிகத்தை) வைத்து மேற்பரப்பில் பிரதிபலித்த வானத்தை வெட்டிவிட்டு, அதற்குப் பிறகும் கடல் நீலமாகத்தான் இருக்கிறது என்று காட்டினார். கருவியின் விலைக்கும் கேள்வியின் தரத்துக்கும் தொடர்பில்லை என்பதற்கு நான் அடிக்கடி எடுக்கும் உதாரணம்.)

இப்போது விலைப்பட்டியலுக்கு வருவோம். ஒரு கருவி 90 டிகிரியில் பார்க்கிறது. இன்னொன்று 120 டிகிரிக்குப் பக்கத்தில். மற்றொன்று நேர்க்கோட்டில் தப்பிப் பிழைத்த ஒளியைப் பார்க்கிறது. யானையைத் தடவிப் பார்த்தவர்கள் கதைதான்.

## எதை வைத்துத் தேர்வு செய்வது

நான் கேட்கும் கேள்விகள் இவை.

உங்களுக்குக் கடைசியில் என்ன எண் வேண்டும்? கடல்புல்லுக்கு எட்டும் ஒளியா, ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் மண் என்பதா, அனுமதி வரம்புக்கு உட்பட்டதா என்பதா, செயற்கைக்கோள் படத்தைச் சரிபார்க்கும் அளவா? இதற்குப் பதில் இல்லாமல் மற்றவற்றுக்குப் போகவே வேண்டாம்.

நீர் எவ்வளவு கலங்கல், எவ்வளவு ஆழம்? படகில் போய் அளந்துவிட்டு வருவதா, கருவியைக் கடலிலேயே விட்டுவைப்பதா? துகள் களிமண்ணா, மணலா, பாசியா? கடைசியாக, வாங்கிய பிறகு வருடாவருடம் யார் செலவு செய்வார்கள்? திட்ட நிதியில் கருவிக்கு ஒதுக்கீடு இருக்கும், அளவுதிருத்தத்துக்கு (கருவி சரியாகக் காட்டுகிறதா என்று தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதற்கு) இருக்காது.

## செக்கி வட்டு

1865இல் ஏஞ்செலோ செக்கி என்ற பாதிரியார், வானியலாளர், போப்பின் கப்பலில் இருந்து வெள்ளை வட்டுகளை மத்தியதரைக் கடலில் இறக்கி, அவை கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். அதே வட்டுதான் இன்றும். கடலுக்கு வழக்கமாக 30 செ.மீ. விட்டமுள்ள வெள்ளை வட்டு, ஏரிக்கு 20 செ.மீ. கறுப்பு வெள்ளை. உள்ளூர் லேத் பட்டறையில் ஒரு மணி நேர வேலை.

இது சிதறலை மட்டும் அளப்பதில்லை. சிதறலும் உறிஞ்சலும் சேர்ந்து கண்ணை மறைப்பதை அளக்கிறது. குறை என்பார்கள். கடல்புல் ஆய்வுக்கு இதுதான் நிறை. கணக்கைப் பாருங்கள். 1.7ஐ செக்கி ஆழத்தால் வகுத்தால், ஆழத்தோடு ஒளி குறையும் வீதம் கிடைக்கும் என்பது 1929இலிருந்து புழங்கும் பழைய விதி. வட்டு 2 மீட்டரில் மறைந்தால் வீதம் 0.85. கடல்புல் பிழைக்க மேற்பரப்பு ஒளியில் சராசரியாக 11 விழுக்காடு வேண்டும் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பு. அப்படியானால் சுமார் 2.6 மீட்டர் வரை புல் வளர வாய்ப்பு உண்டு. ஒரு வட்டும் கயிறும் இவ்வளவு சொல்கின்றன!

ஆனால் கலங்கிய கரையோர நீரில் அந்த 1.7 பொருந்தாது, 1.4ஐ ஒட்டிய மதிப்பே சரி என்று பின்னர் வந்த அளவீடுகள் காட்டின. 1.44 என்று வைத்தால் அதே 2 மீட்டருக்கு விடை 3 மீட்டரைத் தாண்டிவிடும். அரை மீட்டர் பிசகு. சாய்வு குறைந்த கடலடியில் அந்த அரை மீட்டர் எவ்வளவு பரப்பை உள்ளே கொண்டுவரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஓரிரு நாளாவது ஒளிமானியை இறக்கி, உங்கள் கடலுக்கான எண்ணை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் பாக் விரிகுடாவுக்கே உரியது. சராசரி ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு. கரைப்பக்கம் இரண்டு, மூன்று மீட்டர்தான். தெளிந்த நாளில் வட்டு மறைவதற்குள் தரையில் உட்கார்ந்துவிடும். அன்றைக்கு "3 மீட்டருக்கு மேல்" என்று மட்டுமே எழுத முடியும். அந்த வரிகளைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சராசரி எடுத்தால், கடல் இருப்பதைவிடக் கலங்கலாகத் தெரியும். பல ஆய்வேடுகளில் பார்த்திருக்கிறேன். அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் 1986இல் வட்டு சுமார் 80 மீட்டர் வரை தெரிந்ததாம். அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மறைந்த செலவு: நீளும் நைலான் கயிறு, சாய்த்து இழுக்கும் நீரோட்டம், ஆளுக்கு ஆள் மாறும் கண். படகின் நிழல் பக்கம் நின்று, நண்பகலை ஒட்டி, இறக்கும்போதும் ஏற்றும்போதும் பார்த்துச் சராசரி எடுங்கள். திட்டம் முழுவதும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது.

## மேசை மேல் டர்பிடிட்டி மீட்டர்

டர்பிடிட்டி என்றால் கலங்கல்தான். குடிநீர்ச் சோதனைக்கூடங்களில் இருக்கும் அதே கருவி. சின்னக் கண்ணாடிக் குப்பியில் நீரை ஊற்றி, ஒளியைப் பாய்ச்சி, 90 டிகிரியில் வருவதை அளக்கும். சில பத்தாயிரம் ரூபாயில் கிடைக்கும்.

இதில் இரண்டு சாதி உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 180.1 முறைப்படி டங்ஸ்டன் விளக்கின் வெள்ளை ஒளி, அலகு என்.டி.யூ. ஐ.எஸ்.ஓ. 7027 முறைப்படி 860 நானோமீட்டர் அகச்சிவப்பு, அலகு எஃப்.என்.யூ. இரண்டையும் ஃபார்மசின் என்ற வெண்ணிறக் கலவையில்தான் அளவுதிருத்துகிறார்கள். அதனால் ஃபார்மசினில் இரண்டும் ஒன்றேபோல் காட்டும். கடல்நீரில் அப்படிக் காட்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, ஏனென்றால் கடலில் மிதப்பது ஃபார்மசின் கிடையாது. ஒரே குப்பியை இரண்டு நிறுவனக் கருவிகளில் வைத்து இரண்டு எண் வாங்கியவர்கள் "எது சரி?" என்று கேட்பார்கள். இரண்டும் சரிதான், ஒப்பிட்டதுதான் தப்பு. கடலுக்கு வாங்குவதென்றால் அகச்சிவப்பை வாங்குங்கள். கழிமுகத்தில் வரும் பழுப்பு நிறச் சாயம் வெள்ளை ஒளியை விழுங்கிக் கணக்கைக் குறைத்துவிடும். அகச்சிவப்பில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

குப்பியில் எடுத்த நீர் காத்திருக்காது. மண் அடியில் படியும், ஒட்டிய துகள்கள் பிரியும், பாசி பெருகும். மாதிரியைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் மறுநாள் அளந்தால் அது வேறு நீர். படகிலேயே அளந்துவிடுங்கள். குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள், குமிழியும் துகளாகவே எண்ணப்படும். ஃபார்மசினை வீட்டுச் சமையல் போல நீங்களே தயாரிக்க வேண்டாம். அதில் சேரும் ஹைட்ரசின் சல்ஃபேட் புற்றுநோய் அபாயமுள்ள வேதிப்பொருள். தயார்நிலைத் திரவத்தை வாங்கிவிடலாம். குப்பியில் கீறல் விழுந்தால் குப்பியை மாற்றுங்கள்.

துறைமுகத் தூர்வாரல் கண்காணிப்பு, பண்ணைக் கழிவுநீர் என்று ஏதாவது விதி என்.டி.யூ.வில் எண் கேட்டால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான். இயற்பியல் கேள்விக்கு இது பலவீனமான பதில்.

## பின்சிதறல் உணரி

நீரில் மூழ்கடித்து வைப்பது. ஒளியை வெளியே அனுப்பி, திரும்பி வரும் பங்கை மட்டும் பிடிக்கும். சுமார் 120 டிகிரியை ஒட்டிய ஒரு கோணத்தில் அளந்தாலே மொத்தப் பின்சிதறலை நன்றாக மதிப்பிடலாம் என்பது இதன் பின்னுள்ள அறிவு. துகள் வகை மாறினாலும் அந்த இடத்தில் விகிதம் அதிகம் ஆடுவதில்லை. உலகெங்கும் தாமே மூழ்கி எழுந்து கடலை அளக்கும் உயிர்வேதி ஆர்கோ மிதவைகளில் 700 நானோமீட்டரில் வேலை செய்வது இதன் சகோதரக் கருவிதான். செயற்கைக்கோளுக்குத் தெரிவதும் திரும்பி வரும் ஒளியே என்பதால், படங்களைச் சரிபார்க்க இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

கரையோர மண் நகர்வை ஆராய்கிறவர்கள் இதே தத்துவத்தில் இயங்கும் அகச்சிவப்பு வகையை விரும்புவார்கள். சிறியது, மின்சாரம் குறைவு, சேற்று நீரிலும் ஓடும். ஆனால் அது எண்ணுவது எடையை அல்ல, துகள்களின் குறுக்குப் பரப்பை. அதே எடை மண், துகள் பத்து மடங்கு பெரிதானால் சமிக்ஞை ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறையும். புயலில் மணல் கிளம்பி மிதக்கும்போது கருவி அதைக் கண்டுகொள்ளாமல், கூடவே வந்த கொஞ்சம் களிமண்ணைப் பெரிதாகக் காட்டும். லிட்டருக்குப் பல கிராம் சேறு என்ற நிலைக்குப் போனால் இன்னும் வேடிக்கை: ஒளி திரும்பி வருவதற்குள் மாண்டுவிடும், சேறு கூடக்கூட எண் இறங்கும்.

மறைந்த செலவு இதில்தான் அதிகம். என் கதையையே சொல்கிறேன். ஒரு இறங்குதளத் தூணில் கட்டி மூன்று வாரம் விட்டேன். இறக்கிப் படித்தால், நாளுக்கு நாள் நிதானமாக ஏறும் அழகான வளைவு. பருவம் மாறுவது பதிவாகிவிட்டது என்று மகிழ்ந்து வரைபடம்கூடப் போட்டாயிற்று. அப்புறம் கருவியைத் துடைக்க எடுத்தால் கண்ணாடி மேல் பச்சைப் பாசி, ஓரத்தில் இரண்டு கொட்டலசு. நான் அளந்தது பாசியின் வளர்ச்சியை. நம் வெப்பக் கடலில் துடைப்பான் இல்லாத கருவியை ஒரு வாரத்துக்கு மேல் நம்பாதீர்கள். துடைப்பானும் செம்புத் தகடும் உள்ள வகைக்கு விலை கூடும், அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். விலை லட்சங்களில்; அளவுதிருத்தத்துக்குப் பெரும்பாலும் வெளிநாட்டு உற்பத்தியாளருக்கே அனுப்ப வேண்டும், சுங்கக் காகிதங்களோடு.

## ட்ரான்ஸ்மிசோமீட்டர்

ஒரு முனையில் ஒளிக்கற்றை, மறுமுனையில் உணரி, நடுவே 10 அல்லது 25 செ.மீ. நீர். எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதே அளவு. சிதறியதும் உறிஞ்சப்பட்டதும் இரண்டுமே இழப்பு. சிவப்பு ஒளியில், 650 நானோமீட்டர் அளவில், கரைந்த சாயம் அனேகமாக எதையும் உறிஞ்சாது. நீரின் பங்கு தெரிந்த எண். அதைக் கழித்தால் மிச்சம் துகள்கள், அதிலும் பெரும்பகுதி சிதறல். ஆகவே மொத்தச் சிதறலுக்கு மிக அருகில் போகும் எளிய கருவி இதுதான்.

தெளிந்த நீரில் இதன் அருமை தெரியும். பெட்சோல்டின் அதே நீர்களில் சிதறலோடு உறிஞ்சலையும் சேர்த்த மொத்த இழப்பை எடுத்தால், 25 செ.மீ. பாதையில் பகாமாஸ் நீர் 96 விழுக்காடு ஒளியை விடும்; சான் டியேகோ துறைமுகம் சுமார் 58. இரண்டுமே நன்றாக அளக்கக்கூடியவை. ஆனால் வாடைக்காலத்துச் சேற்றுத் தண்ணீரில், துறைமுகத்தைப்போல் பத்து மடங்கு கலங்கலில், ஒரு விழுக்காடுகூட வந்து சேராது. பாதையைக் குறைக்க வேண்டும், அல்லது வேறு கருவி.

யாரும் சொல்லாத நுணுக்கம் ஒன்று: உணரியின் வாய் எவ்வளவு அகலம்? சிதறலில் பாதி சில டிகிரிக்குள் போகிறது என்று பார்த்தோம். ஒரு டிகிரிக்கு மேல் திறந்த உணரி, சற்றே திசை மாறிய ஒளியையும் "சிதறாதது" என்று பிடித்துக்கொள்ளும். வாய் குறுகிய கருவி அதே நீருக்கு அதிகச் சிதறல் காட்டும். ஆகவே உங்கள் எண்ணை மற்றவர் எண்ணோடு ஒப்பிடும் முன் இரண்டு கருவிகளின் ஏற்புக் கோணத்தையும் பாருங்கள்.

## லேசர் விளிம்பு விலகல் கருவி

முன்பக்கச் சிறு கோணங்களில் சிதறுவதை முப்பதுக்கு மேற்பட்ட வளையங்களில் பிடித்து, துகள் அளவுப் பரவலையே தருவது. கழிமுகத்தில் நன்னீரும் உப்புநீரும் சேருமிடத்தில் களிமண் எப்படித் திரள்கிறது என்பது உங்கள் கேள்வியென்றால் வேறு எதுவும் ஈடாகாது. ஆனால் அதே கழிமுகத்தில் உப்பு அடுக்குகள் ஒளியை வளைத்து, இல்லாத பெரிய துகளைக் காட்டும். விலை பல பத்து லட்சம். சொந்தமாக வாங்காமல், வைத்திருக்கும் ஆய்வகத்தோடு சேர்ந்து வேலை செய்யுங்கள்.

## செயற்கைக்கோள்

ஐரோப்பாவின் சென்டினல் 2 படங்கள் இலவசம், 10 மீட்டர் துல்லியம், ஐந்து நாளுக்கு ஒருமுறை. நம் ஓஷன்சாட் வரிசையில் 2022 நவம்பரில் ஏவப்பட்ட இ.ஓ.எஸ். 06இன் கடல்நிறக் கருவி 360 மீட்டர். அகன்ற கடலுக்கு நல்லது, கரையோரத்துக்குப் பெரிய கட்டம். வடகடல், தென்கடல் இரண்டையும் ஒரே படத்தில், ஒரே நிமிடத்தில் பார்க்கும் வசதி வேறு எதிலும் இல்லை.

ஆனால் மேலே எட்டும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்றுமண்டலத்தினுடையது. அதைக் கழித்து மிஞ்சுவதில்தான் கடல். ஆழமற்ற தெளிந்த நீரில் வெண்மணலே தெரிந்து கலங்கலாக வேடம் போடும். கடல் மிகவும் கலங்கும் மழைக்காலத்தில் மேகம் மூடிவிடும். பணம் செலவாகாது, ஒரு மாணவரின் ஆறு மாதம் செலவாகும்.

## ஒரே பார்வையில்

| வழி | உண்மையில் அளப்பது | பொருத்தமான இடம் | எதிர்பாராத செலவு |
|---|---|---|---|
| செக்கி வட்டு | கண்ணுக்கு மறையும் ஆழம் | கடல்புல், நீண்ட காலப் பதிவு | ஆழமற்ற இடத்தில் அளவே கிடைக்காது |
| டர்பிடிட்டி மீட்டர் | 90 டிகிரி சிதறல் | விதிமுறைக் கண்காணிப்பு | குப்பி, ஃபார்மசின், உடனே அளக்கும் அவசரம் |
| பின்சிதறல் உணரி | திரும்பி வரும் ஒளி | நீண்ட நாள் நிறுவல், செயற்கைக்கோள் சரிபார்ப்பு | பாசி, வெளிநாட்டு அளவுதிருத்தம் |
| ட்ரான்ஸ்மிசோமீட்டர் | நேர்க்கோட்டு இழப்பு | தெளிந்த, ஆழமான நீர் | சேற்றில் குருடாகும் |
| லேசர் கருவி | துகள் அளவு | கழிமுகம் | விலை |
| செயற்கைக்கோள் | மேற்பரப்பு நீரின் நிறம் | பெரும்பரப்பு ஒப்பீடு | மேகம், அடித்தரை, ஆள் நேரம் |

## எல்லோருக்கும் வேண்டிய ஒன்று

மில்லிகிராமில் விடை வேண்டுமென்றால், எந்தக் கருவி வாங்கினாலும் வடிதாள், வெற்றிடப் பம்பு, நல்ல தராசு மூன்றும் வேண்டும். 0.7 மைக்ரோமீட்டர் கண்ணாடி இழை வடிதாளில் ஒரு லிட்டரை வடித்து, உலர்த்தி, எடை போட்டு, கருவியின் எண்ணோடு சேர்த்து வரைந்தால்தான் மாற்று விகிதம் கிடைக்கும். அந்த விகிதம் வடகடலுக்கு ஒன்று, தென்கடலுக்கு வேறொன்று. வாடைக்கு ஒன்று, கோடைக்கு வேறொன்று.

இதில் உப்பை மறக்காதீர்கள். வடிதாளில் அரை மில்லிலிட்டர் கடல்நீர் தங்கினாலே, லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கணக்கில், 17 மில்லிகிராமுக்கு மேல் உப்பு. நீங்கள் தேடும் மண்ணே 10 மில்லிகிராமாக இருக்கலாம். காய்ச்சி வடித்த நீரால் விளிம்பு உட்பட இரண்டு மூன்று முறை அலசுங்கள். மண்ணே இல்லாத கடல்நீரை வடித்து எடை பார்க்கும் வெற்றுச் சோதனையும் செய்யுங்கள்.

## என் தேர்வு

பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில், கடல்புல்லை மேயும் கடல்பசுக்களுக்கான காப்பகம் 2022இல் அறிவிக்கப்பட்ட பிறகு, கடல்புல் ஆய்வுக்காகக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்: சிதறலையே அளக்காதீர்கள். புல்லுக்கு வேண்டியது ஒளி. மேலே ஒன்று, புல் மட்டத்தில் ஒன்று என்று இரண்டு ஒளிமானிகளும் ஒரு செக்கி வட்டும் போதும். ஒளி ஏன் குறைந்தது, சேறா பாசியா என்ற அடுத்த கேள்வி வரும்போது பின்சிதறல் உணரிக்குப் போகலாம்.

சேற்று நகர்வுக்குத் துடைப்பானுள்ள பின்சிதறல் உணரி. பவளப்பாறைத் தீவுகளுக்கு வெளியே, மன்னார் வளைகுடாவின் ஆழமான பக்கம் என்றால் ட்ரான்ஸ்மிசோமீட்டர். நிதி ஒரு லட்சத்துக்குள் என்றால் அகச்சிவப்பு டர்பிடிட்டி மீட்டரும் வடிதாள் ஏற்பாடும். பாதிப் பணமாவது வடிதாளுக்குப் போகட்டும்.

எதை வாங்கினாலும் விற்பவரிடம் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அலைநீளமும் கோணமும் என்ன? அளவுதிருத்தம் எங்கே, எத்தனை நாள் கருவி கையில் இருக்காது? கருவி தன் கச்சா எண்களைத் தருமா, இல்லை கணக்குப் போட்ட விடையை மட்டும் தருமா? கச்சா எண் தராத கருவி என்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். பாசி படிந்த அந்த மூன்று வாரத்தில் முதல் நான்கு நாளையாவது மீட்க முடிந்தது கச்சா எண்கள் இருந்ததால்தான்.